கூடைக்கு அடியில் என்ன?

"கழுத்தை அறுத்துக்கறதுக்கு நாமளே விடியக்காலையில எழுந்து, குளிச்சு, தலை வாரிக்கிட்டு வர்றது உலகத்துல எங்கயாவது உண்டாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் அவள் காதோடு காதாகத்தான் கேட்டாள். ஆனால் ஆஸ்பத்திரி லிப்ட் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துக் கவுண்டர் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மெதுவாகப் பேசுவது அவள் கற்காத வித்தை.

துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் அவளுக்கு வெண்கலம் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் ஐஸ் உடைக்கும் இயந்திரம் கடகடக்கும். இன்னொரு பக்கம் படகு மோட்டார்கள் புகையும் சத்தமுமாக இரையும். அத்தனையையும் மிதித்துக்கொண்டு மேலே ஏறி நிற்கும் அவள் குரல். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்தால், வாங்க மனமில்லாத வியாபாரியின் கையும் தானாக உயரும். "மூணு தரம்!" என்று மேஜையில் தட்டிவிட்டால் முடிந்தது. அதன் பிறகு கடவுளே வந்து கேட்டாலும் கூடை கைமாறாது.

அந்தக் கூடத்தில் ஏலம் கூறுபவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்றாம் முறை கூவுவதற்கு முன்னால், கூடையின் அடியில் என்ன கிடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேலே துள்ளுகிற மீன், அடியில் நேற்றைய மீன் என்றால் அதையும் சேர்த்துத்தான் கூவ வேண்டும். மறைத்துத் தட்டியவர் மறுநாள் அந்த மேஜைக்குப் பின்னால் நிற்க முடியாது. வெண்கலம் ஒருநாளும் மறைத்ததில்லை. "அடியில நாலு மீன் கண்ணு மூடிருச்சு, பாத்துக் கேளுங்கப்பா" என்று அவள் சொல்கிற தினுசில் அந்த நாலு மீனும் சேர்ந்தே விலை போகும்.

அப்பேர்ப்பட்ட தொண்டையிலேதான் கட்டி வந்தது.

தைராய்டு. முதலில் சுண்டைக்காய் அளவில் இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு எலுமிச்சம்பழம் ஆயிற்று. இப்போது மல்லாந்து படுத்தால் யாரோ நெஞ்சுக்கு மேலே ஏறி உட்கார்ந்து மூச்சுக்குழாயை அமுக்குகிற மாதிரி இருந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார் ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா. ஒல்லியான உருவம், அதற்கேற்ற பூனைக்குரல்.

"கட்டியை எடுக்கறது பெரிய விஷயமில்லைங்க. ஆனா குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே ஓடுது. நூல் மாதிரி இருக்கும்" என்றார் அவர்.

வெண்கலத்தின் புருஷன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ஒயர்னு சொல்லுங்க டாக்டர். அது கட்டாச்சுன்னா ஸ்பீக்கர் அவுட்டு."

"கரெக்ட். அந்த ஒயரைத் தொட்டா டொக் டொக்னு சத்தம் கொடுக்கற மெஷின் வெச்சுக்கிட்டுத்தான் பண்ணுவோம். அதையும் மீறி, ரொம்பக் கொஞ்சம் பேருக்குக் குரல் போயிடலாம்."

"அந்தக் கொஞ்சம் பேர்ல நான் இருந்தா?" என்றாள் வெண்கலம்.

"இருக்கலாம். இருக்கவே மாட்டீங்கன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது."

அந்த நிமிடம்தான் வெண்கலத்துக்கு அந்தப் பூனைக்குரலைப் பிடித்துப் போனது. கூடைக்கு அடியில் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிற மனுஷி!

பிடித்தால் மட்டும் பயம் போய்விடுமா? குரல் போனால் மேஜை போச்சு. மேஜை போனால் வெண்கலம் வெறும் தகரம். அந்த மேஜைமேல் கண்ணாக ஒருவன் வேறு காத்துக்கொண்டிருந்தான். அடுத்த மேஜைக்காரன், கட்டைக்குரலன். ஊரார் சுருக்கமாகக் கட்டை என்பார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"அக்கா, நீ நிம்மதியாப் போயிட்டு வா. உன் மேஜையை நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கடா தம்பி."

"தேவைப்பட்டா நிரந்தரமாவே பாத்துக்கறேன்க்கா. எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

நாள் தள்ளி, சாக்குச் சொல்லி, மறுபடி நாள் தள்ளி, ஒருவழியாக மனசைக் கல்லாக்கிக்கொண்டு இன்று வந்துவிட்டாள்.

வார்டில் அவளுக்குக் கிடைத்தது நடுக் கட்டில். சன்னலோரக் கட்டிலில் பித்தப்பைக் கல்லோடு ஒரு பெரியம்மா படுத்திருந்தாள். இது மூன்றாவது ஆபரேஷனாம். அனுபவஸ்தி. கேட்காமலே வகுப்பெடுத்தாள்.

"தோடு, மோதிரம் எல்லாத்தையும் கழட்டி வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடு. நகத்துல இருக்கற அந்தச் சிவப்பைத் துடைச்சுடுவாங்க, அழாதே. விரல்ல கிளிப்பு மாட்டி மூச்சு பாக்கணுமாம். அப்புறம் ஒரு அங்கி தருவாங்க பாரு! முன்பக்கம் மானம், பின்பக்கம் வானம். அந்த முடிச்சை மட்டும் இறுக்கிப் போட்டுக்க."

சொன்னது சொன்னபடி நடந்தது. அங்கி வந்தது. மணிக்கட்டில் பெயர் எழுதிய பட்டை ஏறியது. கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டினார்கள். பூனைக்குரல் டாக்டரம்மா வந்து, கழுத்தில் மடிப்பு விழுகிற இடமாகப் பார்த்து, பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

"தழும்பு சுருக்கத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும்" என்றார் போகிற போக்கில்.

"என் கழுத்துல சுருக்கம் இருக்குன்னு நீங்க சொல்லித்தான் டாக்டர் தெரியுது" என்றாள் வெண்கலம். வார்டு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வார்டு சிஸ்டர் வந்தாள். பெயர் கேட்டாள், என்ன ஆபரேஷன் என்று கேட்டாள், மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாள். கடைசியில், "எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரிம்மா. அதுக்கப்புறம் ஒரு பருக்கை உள்ள போகல."

உண்மை என்று நினைத்துத்தான் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். தொப்பை போட்ட, சிரித்த முகத்து மனிதர். வாயைத் திறக்கச் சொன்னார். ஆடுகிற பல் உண்டா என்று தட்டிப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். இருமல், சளி, ஆஸ்துமா எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு, "வயிறு காலிதானே? காலையில இருந்து காபி, பால், ஜூஸ் எதுவும் இல்லையே?"

பால்!

வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இத்தனை வருஷப் பழக்கம். கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால், அதில் இரண்டு ஸ்பூன் தேன். தொண்டை திறக்க. அதைக் காய்ச்சிக் கொடுப்பது மைக் செட்டுக்காரரின் வேலை. விடியலில் எழுந்ததும் கை தானாக அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறது. அவள் கை தானாக டம்ளரை வாங்கியிருக்கிறது. இரண்டு பேருக்கும் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே சேரவில்லை. குளிப்பது மாதிரி, செருப்பு மாட்டுவது மாதிரி.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் கரண்ட் போன மைக் மாதிரி செத்திருந்தது. வாயைத் திறக்கப் போனார்.

வெண்கலம் கண்ணை உருட்டினாள். அவர் வாய் மூடிக்கொண்டது.

"எதுவும் இல்லைங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் தலையாட்டிவிட்டு வார்டை விட்டு வெளியே போனதும் புருஷன் கட்டில் ஓரமாகக் குனிந்தார். "ஏம்மா பொய் சொன்னே?"

"சொன்னா இன்னிக்கு வேணாம், வீட்டுக்குப் போன்னுடுவாங்க. வீட்டுக்குப் போனா நான் திரும்பி வர மாட்டேங்க. இந்தத் துணிச்சல் இன்னொரு தடவை வராது. எனக்குத் தெரியும்."

"ஒரு டம்ளர் பால்தான்..."

"ஆமா. ஒரு டம்ளர் பால்தானே! அது என்ன செஞ்சிடப் போவுது?"

சொல்லிவிட்டாளே தவிர, சொன்ன வார்த்தை அவள் நெஞ்சிலேயே முள்ளாக நின்றது. நாலு மீன்தானே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

சக்கரக் கட்டில் வந்துவிட்டது. "தைரியமாப் போயிட்டு வாம்மா" என்று அவள் கையை விட மனமில்லாமல் விட்டார் மைக் செட்டுக்காரர். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் ஓடின. கதவு திறந்தது. இன்னொரு கதவு திறந்தது. குளிர் வந்து முகத்தில் அறைந்தது.

ஆபரேஷன் அறையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏலக்கூடத்து ஐஸ் அறையேதான்! அதே குளிர். கழுவிவிட்ட தரை. ரப்பர் செருப்பும் ஏப்ரனுமாக ஆட்கள். வரிசையாகக் கத்திகள். ஒரே ஒரு வித்தியாசம். இத்தனை நாள் மேஜைக்குப் பின்னால் நின்றவள், இன்று மேஜைமேல் கிடக்கிறாள்.

சூடான போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டாள் ஆபரேஷன் அறை சிஸ்டர். "குளிருதாம்மா? கொஞ்ச நேரம்தான். உங்க பேர் சொல்லுங்க."

"கையில பட்டையே கட்டியிருக்கீங்களேம்மா!"

"பட்டை சொல்றது சரிதானான்னு உங்க வாயால கேக்கணும். என்ன ஆபரேஷன்?"

வெண்கலம் சொன்னாள். சிஸ்டர் அதைக் கழுத்துக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். வெண்கலத்துக்குப் பொறுக்கவில்லை. "ஒரே கேள்வியை எத்தனை தரம்மா கேப்பீங்க? காலையில இருந்து ஆள் மாத்தி ஆள் கேக்கறீங்க. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "மூணு தரம் கேப்போம்மா. வார்டுல ஒரு தரம். மயக்க டாக்டர் ஒரு தரம். இங்க, மேஜைக்கிட்ட, மூணாவது தரம். இதுக்கப்புறம் நீங்க தூங்கிடுவீங்க. என்னன்னாலும் உங்களை எழுப்பிக் கேக்க முடியாது. அதனால இதுதான் கடைசி." பிறகு புன்னகையோடு கேட்டாள். "சொல்லுங்க. கடைசியா எப்ப, என்ன சாப்பிட்டீங்க?"

வெண்கலத்தின் காதில் ஐஸ் இயந்திரம் ஓடுகிற மாதிரி இரைந்தது.

ஒரு தரம் ஆயிற்று. இரண்டு தரமும் ஆயிற்று. சுற்றிலும் நிற்கிற அத்தனை பேரும் கை உயர்த்திக் காத்திருக்கிறார்கள். அவள் தட்டினால் முடிந்தது.

கூடைக்கு அடியில் என்ன?

"சிஸ்டர்..." அவள் குரல் முதல் முறையாக மெதுவாக வந்தது. "அடியில ஒண்ணு கிடக்கு. காலையில ஒரு டம்ளர் பால் குடிச்சேன். தேன் போட்டு."

அறையில் அத்தனை கைகளும் அப்படியே நின்றன. தலைமாட்டில் முகமூடியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த மயக்க மருந்து டாக்டர் அதைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது தரம் நீங்க கேட்டப்பவே தெரியும் டாக்டர். மறைச்சேன். வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம். திட்டறதுன்னா திட்டிக்குங்க."

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "மயக்கம் கொடுத்தா வயித்துக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கற கதவும் தூங்கிடும்மா. உள்ள பால் இருந்தா மேல ஏறும். ஏறி நுரையீரலுக்குள்ள இறங்கினா, குரலைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டியதே இல்லை. உயிரே இருக்காது. புரியுதா?"

புரிந்தது. ஒரு டம்ளர் பால் என்ன செய்யும் என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. போர்வையை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். குளிருக்காக அல்ல.

பூனைக்குரல் டாக்டரம்மா கைகளைக் கழுவி உயர்த்திப் பிடித்தபடி உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். 'முடிந்தது, வீட்டுக்குப் போ' என்ற தீர்ப்பை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள் வெண்கலம்.

"சரி. பித்தப்பை அம்மாவை முதல்ல எடுத்துக்கலாம். இவங்களைச் சாயங்காலத்துக்கு மாத்துங்க" என்றார் டாக்டரம்மா, பஸ்ஸில் இடம் மாற்றி உட்காரச் சொல்கிற மாதிரி. பிறகு மேஜையருகே வந்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா, இந்த ரூம்ல இருக்கற நாங்க யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாதும்மா. நன்றி."

நன்றியா? வெண்கலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

கட்டில் வார்டுக்குத் திரும்பி வருவதைப் பார்த்த மைக் செட்டுக்காரர் பதறி ஓடி வந்தார். "என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? கட்டி அப்படியே இருக்கே!"

"பாலைச் சொல்லிட்டேங்க."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "நல்லவேளை. நீ போனதுல இருந்து நான் அந்தக் கதவைத் தட்டிடலாமான்னு நின்னுக்கிட்டே இருந்தேன்."

"தட்டியிருக்க வேண்டியதுதானே?"

"நீ கண்ணை உருட்டினியே!"

சன்னலோரப் பெரியம்மாவை அழைத்துப் போக ஆள் வந்தது. "பந்தியில எனக்கு முன்னாடி இடம் போட்டாங்க இவளுக்கு. இவ வயித்துல இடமில்லாம எழுந்து வந்துட்டா!" என்று வார்டைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அவள் போனாள்.

சாயங்காலம். மறுபடி அதே சிஸ்டர், அதே டாக்டர், அதே கேள்விகள். மூன்று தரமும் வெண்கலம் தலை நிமிர்ந்து பதில் சொன்னாள். "கூடை காலி. அடி வரைக்கும் கவுத்துப் பாத்துக்கலாம்." துணிச்சல் இன்னொரு தடவை வராது என்று நினைத்திருந்தாளே, அது போன இடத்திலிருந்து இரண்டு மடங்காகத் திரும்பி வந்திருந்தது.

முகமூடி மூக்கருகே வந்தது. "பத்துல இருந்து கீழ்நோக்கி எண்ணுங்கம்மா" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

"நான் ஏலம் விடறவ டாக்டர். எனக்கு ஏத்தித்தான் பழக்கம், இறக்கிப் பழக்கமில்ல."

"சரி, ஏத்துங்க."

"ஒரு தரம்..." கையில் ஏதோ ஜில்லென்று ஏறியது. "ரெண்டு த..."

அவ்வளவுதான்.

"கண்ணைத் திறங்க. முடிஞ்சிடுச்சு. உங்க பேர் சொல்லுங்க."

யாரோ கிணற்று மேட்டிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கழுத்தில் கட்டு, அதிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய், விரலில் கிளிப்பு. தொண்டையில் மணலை அள்ளிக் கொட்டின மாதிரி எரிச்சல். வெண்கலம் வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று. அவள் கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்தது. போச்சு. கொஞ்சம் பேரில் ஒருத்தி. அடுத்த மேஜையில் கட்டை பல்லைக் காட்டுவது மூடிய கண்ணுக்குள் தெரிந்தது.

"அவசரப்படாதீங்க" என்றது பூனைக்குரல் காதருகே. "மூச்சு விடறதுக்காகத் தொண்டைக்குள்ள குழாய் வெச்சிருந்தோம். அந்தப் புண்ணு அது. எச்சிலை முழுங்குங்க. இப்ப 'ஈ'ன்னு சொல்லுங்க."

விழுங்கினாள். நெருப்பு. மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்தாள், ஏலம் தொடங்குகிற மாதிரி.

"...ஈ."

கொசு பாடின மாதிரி இருந்தது. ஆனால் குரல்! காற்று இல்லை, குரல்!

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "கடைசித் தையல் வரைக்கும் உங்க ஒயர் டொக் டொக்னு பதில் சொல்லிச்சு. ரெண்டு பக்கமும். கரகரப்பு சில நாள் இருக்கும், அப்புறம் போயிடும். ஆனா கொஞ்ச நாளைக்குக் கத்தக் கூடாது. மெதுவாத்தான் பேசணும்."

மெதுவாகவா? சரி. எந்த வித்தையையும் கற்கத் தயாராக இருந்தாள் வெண்கலம்.

மறுநாள் காலை சிஸ்டர் அவளை எழுப்பி உட்கார வைத்தாள். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லி, புரையேறுகிறதா என்று பார்த்தாள். ஏறவில்லை. நடக்கச் சொன்னாள். புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மல்லாந்து படுத்துப் பார்த்தாள். நெஞ்சுக்குமேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய்விட்டான். எத்தனை காலமாயிற்று இப்படி முழு மூச்சு விட்டு!

அப்போதுதான் கையில் ஒரு கூடை ஆப்பிளோடு வந்து நின்றான் கட்டை. கட்டையின் பின்னாலேயே கூடத்து வியாபாரிகள் இரண்டு பேர்.

"அக்... கா" என்றான்.

வெண்கலம் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தொண்டையிலிருந்து வந்தது குரலே இல்லை. துருப்பிடித்த கீல் முனகல்.

"என்னடா ஆச்சு?" என்றாள், கரகரவென்று.

பின்னால் நின்ற வியாபாரி முந்திக்கொண்டான். "நேத்து உங்க மேஜையில நின்னுக்கிட்டு, உங்க மாதிரியே ஐஸ் மெஷினுக்கு மேல கூவறேன்னு கத்தினான். பாதிக் கூடைக்குள்ளேயே தொண்டை கட்டிக்கிச்சு. மீனே தூங்கிடுச்சுக்கா."

கட்டை தலையைச் சொறிந்தான். வெண்கலத்தின் கண்ணில் பழைய மினுமினுப்பு வந்துவிட்டது. ஆப்பிள் கூடையை வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

"ஏம்மா, வேணாம்மா. கத்தக் கூடாதுன்னு டாக்டர்..." என்று ஆரம்பித்தார் மைக் செட்டுக்காரர்.

"யாரு கத்தப் போறா?" என்றாள் அவள். பிறகு வார்டைப் பார்த்து, மெல்ல, கரகரத்த, ஆனால் கம்பி மாதிரி நேரான குரலில் தொடங்கினாள். "நல்ல ஆப்பிள். தோட்டத்துல இருந்து நேரா வந்தது. யார் என்ன தரீங்க?"

வார்டு கப்பென்று அடங்கியது. இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார். ஏலக்கூடத்தில்கூட அவளுக்கு இப்படி ஒரு நிசப்தம் கிடைத்ததில்லை. அவள் முணுமுணுப்பைக் கேட்க அத்தனை கட்டில்களும் முன்னால் சாய்ந்தன.

"டிவி ரிமோட் தரேன்!" என்றது கோடிக் கட்டில்.

"இன்னிக்கு ஒரு ஊசி குறைச்சுப் போடறேன்" என்றாள் வாசலில் நின்ற வார்டு சிஸ்டர்.

"சன்னலோரக் கட்டில்!" என்றாள் பித்தப்பைப் பெரியம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நான் நாளைக்குப் போறேன். இப்பவே எழுதித் தரேன்."

"சன்னலோரக் கட்டில் ஒரு தரம்..." வெண்கலம் இழுத்தாள். வாசலில் பூனைக்குரல் டாக்டரம்மா வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தடுக்கவில்லை. "சன்னலோரக் கட்டில் ரெண்டு தரம்..."

அங்கே நிறுத்தினாள். கூடைக்குள் கையை விட்டாள். அடி வரைக்கும் துழாவினாள். இரண்டு ஆப்பிளை வெளியே எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"அடியில ரெண்டு அடிபட்டிருக்கு. தம்பி வாங்கறப்ப பாக்கல போலிருக்கு. தெரிஞ்சு கேளுங்க."

கட்டையின் முகம் சிவந்தது. அதற்குள் வியாபாரிகள் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்துவிட்டான். "உன் மேஜை உனக்குத்தான்க்கா" என்று முனகியது அந்தத் துருப்பிடித்த கீல்.

"அது எனக்குத் தெரியும்டா" என்ற வெண்கலம், பெரியம்மா பக்கம் திரும்பினாள். "அடிபட்டது தெரிஞ்சும் வேணுமா?"

"வேணும்!"

பட்டை கட்டிய கை உயர்ந்து, மருந்து மேஜைமேல் ஓங்கி இறங்கியது. டம்ளர் துள்ளியது.

"மூணு தரம்!"